ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். ஒரு மாணவி, விலை குறைந்த தன் செல்பேசியில் பெயர், முகவரி, அப்பாவின் ஆண்டு வருமானம், வங்கிக் கணக்கு எண் என்று முப்பது கட்டங்களைப் பொறுமையாக நிரப்பி முடிக்கிறாள். கடைசியில் மதிப்பெண் சான்றிதழைப் படமெடுத்து இணைக்க வேண்டும். பொத்தானைத் தொடுகிறாள். கேமரா திறக்கிறது. படமெடுக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் விண்ணப்பம் முதல் பக்கத்தில் நிற்கிறது. முப்பது கட்டங்களும் காலி!

மறுபடியும் நிரப்புகிறாள். மறுபடியும் காலி.

அப்பா "இந்த போனே சரியில்லை" என்கிறார். கடைக்காரர் "ரேம் பத்தாதும்மா, வேற போன் வாங்கிக்கோ" என்கிறார். அவளோ, தான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறாள். இந்த மூன்று பேரும் குறை சொல்லாத நாலாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அந்த விண்ணப்பச் செயலியை எழுதிய நிரலாளர்! நடந்தது பெரும்பாலும் அவருடைய கணக்குப் பிழைதான். பெரிய கணக்குகூட இல்லை. மூன்று எண்களைப் பெருக்கிப் பார்க்காததில் தொடங்கிய பிழை.

எந்த மூன்று எண்கள்? அகலம், உயரம், நாலு.

ஒரு படத்தின் எடை

12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படத்தின் கோப்பளவைப் பார்த்தால் 3 மெகாபைட், 4 மெகாபைட் என்று இருக்கும். நிரல் எழுதப் புதிதாக வருகிறவர் "நாலு மெகாபைட்தானே, என்ன ஆகிவிடப் போகிறது" என்று நினைப்பார். ஆனால் அது சேமிப்பில் தூங்கும்போது படத்துக்கு இருக்கும் எடை. ஜேபெக் என்பது படத்தைச் சுருட்டி வைக்கும் முறை, மூலையில் சுருட்டி வைத்த பாய் போல. திரையில் காட்ட வேண்டுமென்றால் பாயை விரித்தாக வேண்டும். விரித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்புக்கு ஒரு பைட், பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, பின்னால் இருப்பது எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்கு ஒன்று. ஆக, புள்ளிக்கு நாலு பைட்.

4000 × 3000 × 4 = 4,80,00,000 பைட். ஏறத்தாழ 46 மெகாபைட்!

படத்தில் இருப்பது வெறும் வெள்ளைச் சுவரா, தேர்த்திருவிழாக் கூட்டமா என்ற வித்தியாசமெல்லாம் நினைவகத்துக்குக் கிடையாது. விரித்த பாய்க்கு யார் படுத்தாலும் ஒரே அளவுதான்.

இந்தக் கணக்கு எவ்வளவு கொடுமையானது என்பது 2008இல் ஆண்ட்ராய்டு வந்த புதிதிலேயே தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு செல்பேசியான எச்டிசி டிரீமில் இருந்த மொத்த ரேம் 192 மெகாபைட். அதில் ஒரு செயலிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 16 மெகாபைட். அதே செல்பேசியின் கேமரா எடுக்கும் படமோ 2048 × 1536 புள்ளிகள். நாலால் பெருக்கினால் 1,25,82,912 பைட், அதாவது சரியாக 12 மெகாபைட். செல்பேசி தானே எடுத்த படத்தை முழு அளவில் ஒன்று திறக்கலாம். இரண்டாவதைத் திறந்தால் செயலி செத்துவிடும்! அந்தக் காலத்தில் ஆண்ட்ராய்டுக்கு எழுதியவர்களில் "அவுட் ஆஃப் மெமரி" என்ற பிழைச் செய்தியைப் பார்க்காதவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இதற்கு மருந்தும் அப்போதே இருந்தது. படத்தை விரிப்பதற்கு முன்னால் அதன் அகலம், உயரத்தை மட்டும் படித்துச் சொல்லும்படி ஆண்ட்ராய்டைக் கேட்கலாம். அதற்கு நினைவகம் அநேகமாகச் செலவே ஆகாது. பிறகு "நாலில் ஒரு பங்கு அளவில் விரித்துக் கொடு" என்று சொல்லலாம். 4000 × 3000 படம் 1000 × 750 ஆகிவிடும். 1000 × 750 × 4 = 30,00,000 பைட். 3 மெகாபைட்டுக்குள் முடிந்தது! அகலத்தில் நாலில் ஒன்று, உயரத்தில் நாலில் ஒன்று, ஆகவே எடையில் பதினாறில் ஒன்று. அந்த மாணவியின் செல்பேசித் திரையின் அகலமே 720 புள்ளிகள் என்றால், 1000 புள்ளிப் படம் அவள் கண்ணுக்குக் குறைவாகத் தெரிய வழியே இல்லை. அனுப்புவதற்கு மூலக்கோப்பு அப்படியே சேமிப்பில் பத்திரமாக இருக்கிறது. விரித்துப் பார்ப்பதற்குச் சின்னப் பாய் போதும்.

கணினி திணறும், செல்பேசி தள்ளிவிடும்

மேசைக் கணினியில் நினைவகம் தீர்ந்துபோனால் என்ன ஆகும்? இயங்குதளம் கொஞ்சத்தை எடுத்து வன்வட்டில் எழுதி வைத்துவிட்டுச் சமாளிக்கும். எல்லாம் ஆமை வேகத்துக்கு வரும், ஆனால் ஓடும். செல்பேசியில் இந்த வசதி பெரும்பாலும் இல்லை. அதன் சேமிப்பு ஃபிளாஷ் வகை. எழுத எழுதத் தேயும். அதனால் ஆண்ட்ராய்டு, நினைவகத்தில் இருப்பதையே கொஞ்சம் அமுக்கிச் சுருக்கிப் பார்க்கும். அதற்கும் மேல் போனால் யாரையாவது வெளியே தள்ளும். 128 மெகாபைட் ரேமுடன் 2007இல் வந்த முதல் ஐபோனின் குணமும் இதுதான். நினைவகம் குறைகிறது என்று செயலிக்கு எச்சரிக்கை போகும். கேட்காவிட்டால் கதவு சாத்தப்படும்.

யாரைத் தள்ளுவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. திரையில் இப்போது கண்ணுக்குத் தெரியும் செயலிக்குக் கடைசி இடம். பாட்டுப் பாடிக்கொண்டிருப்பது போன்ற வேலை செய்பவை அதற்கு முன்னால். சும்மா பின்னால் கிடப்பவை முதல் பலி. ஒரே தரத்தில் பலர் இருந்தால், அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவரை முதலில் தள்ளுவதுதான் ஆண்ட்ராய்டில் பல காலம் இருந்த முறை.

இப்போது அந்த விண்ணப்பத்துக்கு என்ன நடந்திருக்கும் என்று புரிகிறதா? கேமரா திறந்த அந்த நொடியில் விண்ணப்பச் செயலி பின்னால் போய்விட்டது. கேமராவுக்கோ பெரிய பெரிய இடங்களாக வேண்டும். இயங்குதளம் சுற்றிப் பார்க்கிறது. பின்னால் ஒரு செயலி, முன்பு இணைத்த புகைப்படத்தையும் கையெழுத்துப் படத்தையும் முழு அளவில் விரித்து வைத்துக்கொண்டு தொண்ணூறு மெகாபைட்டில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. தள்ளிவிட்டது!

அப்படித் தள்ளினாலும் முப்பது கட்டங்கள் அழிந்துபோக வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் இதில் வேதனை. பின்னால் போகும் ஒவ்வொரு செயலியிடமும் "காப்பாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் கொடு" என்று ஆண்ட்ராய்டு கேட்கிறது. முப்பது கட்டத்தின் எழுத்துகள் இரண்டு மூன்று கிலோபைட்டுக்கு மேல் போகாது. அதைக் கொடுத்திருந்தால், திரும்பி வரும்போது அப்படியே கையில் கிடைத்திருக்கும். நிரலாளர் கொடுக்கவில்லை. ஏன்? அவருடைய செல்பேசியில் 8 ஜிபியோ 12 ஜிபியோ ரேம் இருக்கிறது. அங்கே அவருடைய செயலி ஒரு நாளும் தள்ளப்பட்டதில்லை. நடக்காத விபத்துக்கு யார் தயாராவார்?

பாம்பின் கணக்கு

இந்த அளந்து செலவழிக்கும் பழக்கம் செல்பேசி உலகத்துக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் ஆரம்பமே அதுதான்.

1997இல் நோக்கியா 6110 செல்பேசியில் டானெலி அர்மான்டோ எழுதிய பாம்பு விளையாட்டு வந்தது. திரையில் 84 × 48 புள்ளிகள். கறுப்பு அல்லது வெறுமை, வேறு நிறம் கிடையாது. புள்ளிக்கு ஒரு பிட் என்றால் திரை முழுவதற்கும் 504 பைட் போதும். அர்மான்டோ உள்ளே எப்படி எழுதினார் என்பது இருக்கட்டும். இப்படியொரு விளையாட்டை எவ்வளவு சிக்கனமாக எழுத முடியும் என்று தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து பார்த்தாலே சுவாரசியமாக இருக்கும்.

ஒரு கட்டத்துக்கு 4 × 4 புள்ளி என்று வைத்துக்கொண்டால் குறுக்கே 21 கட்டம், நெடுக்கே 12 கட்டம், மொத்தம் 252. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை எழுதலாம். ஆகவே எந்தக் கட்டத்தின் எண்ணும் ஒரே பைட்டில் அடங்கிவிடும்.

பாம்பு நகர்கிறது. முதல்முறை எழுதுபவர் என்ன செய்வார்? தலை முன்னே போனதும் இரண்டாவது துண்டைத் தலை இருந்த இடத்துக்கு, மூன்றாவதை இரண்டாவது இடத்துக்கு என்று வால் வரை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நகர்த்துவார். பாம்பு நீள நீள வேலையும் நீளும். ஆனால் உற்றுப் பார்த்தால் பாம்பின் நடுவில் ஒன்றுமே மாறுவதில்லை! தலைக்கு முன்னால் ஒரு கட்டம் கூடுகிறது. வாலில் ஒரு கட்டம் குறைகிறது. அவ்வளவுதான். எனவே 252 இடம் கொண்ட ஒரு வரிசை, தலை எங்கே என்று ஒரு குறி, வால் எங்கே என்று ஒரு குறி. வரிசையின் கடைசிக்கு வந்தால், கடிகார முள் பன்னிரண்டைத் தாண்டி ஒன்றுக்கு வருவது போல மறுபடி முதலிடம். இதற்கு வட்ட வரிசை என்று பெயர். இரை தின்றால் வால் ஒரு முறை நகராமல் நிற்கும், பாம்பு தானாக நீண்டுவிடும். திரையிலும் ஒவ்வொரு அடிக்கும் இரண்டே கட்டங்களைத் திருத்தி வரைந்தால் போதும்.

இன்னும் இறுக்கலாம். ஒவ்வொரு துண்டும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுதாமல், அடுத்த துண்டு எந்தத் திசையில் என்று மட்டும் எழுதலாம். நாலு திசைக்கு இரண்டு பிட் போதும். 252 × 2 = 504 பிட், அதாவது 63 பைட். தலை பாம்பின் மேலேயே மோதுகிறதா என்று பார்க்கக் கட்டத்துக்கு ஒரு பிட் வீதம் 32 பைட். குறிகளையும் சேர்த்தால்கூட முழுப் பாம்பும் 100 பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுதி யூனிகோடில் சேமிப்பதற்கே அதைவிட அதிக இடம் பிடிக்கும்!

எந்தத் தரவை எப்படி அடுக்குவது என்ற முடிவுதான் நினைவகத்தையும் வேகத்தையும் ஒன்றாகத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைப்பது கடினம்.

அச்சுக்கட்டை

அடுத்து வந்தது ஜாவா செல்பேசிகளின் காலம். 2000த்தின் முதல் சில ஆண்டுகளில் வந்த பல நோக்கியா செல்பேசிகளில் ஒரு விளையாட்டின் மொத்தக் கோப்பும் 64 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. நிரல், படங்கள், ஒலி எல்லாம் சேர்த்துத்தான். அதற்குள் ஆளை ஓட வைத்து, குதிக்க வைத்து, பத்துப் பதினைந்து நிலைகளும் கொடுத்தார்கள்.

எப்படி? துணியில் அச்சுக்கட்டையால் பூ அடிப்பதைப் பார்த்திருப்பவர்களுக்குச் சட்டென்று விளங்கும். ஆயிரம் பூ வேண்டும் என்பதற்காக யாரும் ஆயிரம் கட்டை செதுக்குவதில்லை.

128 × 128 திரை. விளையாட்டின் ஒரு நிலை, பத்துத் திரை நீளம். அதை ஒரே படமாக வைத்தால் 1280 × 128, புள்ளிக்கு 2 பைட் என்றால் 3,27,680 பைட், அதாவது 320 கிலோபைட். நடக்காத காரியம். அதையே 16 × 16 அளவுள்ள ஓடுகளாகப் பிரித்தால் குறுக்கே 80, நெடுக்கே 8, மொத்தம் 640 இடங்கள். புல், செங்கல், மேகம், படிக்கட்டு என்று 32 விதமான ஓடு இருந்தால் போதும். ஓட்டுக்கு 512 பைட் வீதம் 16 கிலோபைட். எந்த இடத்தில் எந்த ஓடு என்பதற்கு 640 பைட். 320 கிலோபைட் வேலை 17 கிலோபைட்டுக்குள் முடிந்தது! அடுத்த நிலைக்குப் புதிதாகத் தேவைப்படுவது இன்னொரு 640 பைட் மட்டும். 2002இல் வந்த எம்ஐடிபி 2.0வில் இந்த ஓட்டு முறைக்கென்றே தனி வகுப்பைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் செல்பேசிகளில் இன்னொரு பஞ்சமும் இருந்தது. அவற்றின் ஜாவாவுக்கு அடிப்படையான சிஎல்டிசி 1.0வில் தசம எண்ணே கிடையாது. பந்து ஒன்றரைப் புள்ளி நகர வேண்டும் என்றால் என்ன செய்வது? வணிகக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த வித்தைதான். 12.50 ரூபாயை 1250 பைசா என்று எழுதிவிட்டால் தசமப் புள்ளியே தேவையில்லை. ரூபாய்க்கு 100 பைசா என்பது போல, நிரலாளர்கள் ஒன்றுக்கு 65,536 என்று வைத்துக்கொண்டார்கள். ஒன்றரை என்பது 98,304. முழு எண்ணிலேயே கூட்டிக் கழித்து, திரையில் வரையும்போது மட்டும் திருப்பி வகுத்துக்கொண்டார்கள். முப்பரிமாண விளையாட்டுகள்கூட இந்தப் பைசாக் கணக்கில் ஓடியிருக்கின்றன.

பிறகு செல்பேசிக்கென்று வரைகலைச் சில்லுகள் வந்தன. ஆனால் மேசைக் கணினியில் தனி வரைகலை அட்டைக்கு இருப்பது போலத் தனி நினைவகம் இங்கே கிடையாது. இருக்கும் ஒரே ரேமைத்தான் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 1080 × 2400 திரைக்கு ஒரு முழுப் படம் என்பதே 1,03,68,000 பைட். ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றை வரைய, அதற்கடுத்தது காத்திருக்க என்று மூன்று வைத்தால் 30 மெகாபைட். வெறும் வெள்ளைத் திரையைக் காட்டுவதற்கே இந்தச் செலவு!

அதனால் இங்கேயும் ஒரு சுருக்கு முறை. ஜேபெக்கை அப்படியே வரைகலைச் சில்லுக்குக் கொடுக்க முடியாது. சில்லு எந்த நேரத்தில் படத்தின் எந்த மூலைப் புள்ளியைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. சுருட்டிய பாயின் நடுவில் ஒரு கோரையை மட்டும் எப்படி உருவுவது? எரிக்சன் நிறுவனத்தில் உருவான ஈடிசி1 முறையில் 4 × 4 புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக, எப்போதும் சரியாக 8 பைட்டுக்குச் சுருக்கப்படுகிறது. எல்லாக் கட்டமும் ஒரே அளவு என்பதால் எத்தனையாவது கட்டம் எங்கே இருக்கிறது என்று ஒரே பெருக்கலில் தெரிந்துவிடும். 1024 × 1024 படம் 4 மெகாபைட்டிலிருந்து 512 கிலோபைட்டுக்கு வரும். சில்லு அதை விரிக்காமல் அப்படியே படித்துக்கொள்ளும். நினைவகத்திலிருந்து குறைவாக இழுத்தால் பேட்டரியும் மிச்சம்.

டீக்கடைக் கண்ணாடி கிளாஸ்

ஒரு டீக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை ஐந்நூறு டீ போகும். கடையில் இருக்கும் கிளாஸ் இருபதோ முப்பதோ. குடித்துவிட்டு வைத்ததைக் கழுவி அடுத்தவருக்கு ஊற்றுகிறார்கள்.

செல்பேசியில் ஆயிரம் பெயர் கொண்ட முகவரிப் பட்டியலை விரலால் தள்ளும்போது நடப்பதும் இதேதான். திரையில் தெரிவது எட்டுப் பத்து வரிகள். ஆயிரம் வரிக்கும் ஆயிரம் பெட்டி செய்து வைப்பதில்லை. மேலே போய் மறைந்த வரியின் பெட்டியையே எடுத்து, புதுப் பெயரை எழுதி, கீழே கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் இந்த வசதி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 2014இல் வந்த புதிய பட்டியல் கருவிக்குப் பெயரே மறுசுழற்சியைச் சொல்லும் "ரீசைக்ளர்வியூ".

இதைச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் புதுசு புதுசாக உண்டாக்கித் தூக்கி எறிந்தால்? ஜாவாவில் குப்பையை அள்ளுவதற்கு ஆள் உண்டு, எழுதுபவர் கவலைப்பட வேண்டியதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் பல செல்பேசிகளில் திரை ஒரு விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம் 16 மில்லி விநாடி சொச்சம். குப்பைக்காரர் உள்ளே வந்து அந்த நேரத்தைத் தின்றுவிட்டால் படம் ஒரு துள்ளு துள்ளும். 2010இல் வந்த ஆண்ட்ராய்டு 2.3க்கு முன்பு, குப்பை அள்ளி முடியும் வரை செயலி மொத்தமும் நின்று காத்திருந்தது. பிற்காலத்தில் எவ்வளவோ முன்னேறிவிட்டது என்றாலும், போடாத குப்பையை அள்ள வேண்டியதில்லை என்பது மாறவில்லை. அதனால்தான் விளையாட்டு எழுதுபவர்கள் குண்டு, தீப்பொறி, புகை என்று எல்லாவற்றையும் முதலிலேயே 200, 300 செய்து அடுக்கி வைத்துவிடுகிறார்கள். ஒரு பொறி அணைந்தால் வரிசையின் கடைசியில் இருக்கும் பொறியை எடுத்து அந்த ஓட்டையில் வைத்து, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறார்கள். நடுவில் இடைவெளியும் இல்லை, குப்பையும் இல்லை.

கழுவி வைப்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும். பார்த்த படங்களை எல்லாம் "மறுபடி தேவைப்படலாம்" என்று சேர்த்து வைத்தால் வீடு பரண் மாதிரி ஆகிவிடும். இதற்கு, நெடுநாளாகத் தொடாததை முதலில் எறிவது என்ற விதி. 2011இல் ஆண்ட்ராய்டு 3.1 முதல் இதற்கென்று ஒரு கருவி தயாராகவே கிடைக்கிறது. எத்தனை பைட் வரை என்று மட்டும் சொன்னால் போதும். ஆனால் அந்த எண்ணை எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். பட்ஜெட் போட வேண்டியவர் அவர்.

காலி செய்த வீட்டின் சாவி

எல்லாவற்றையும் விட மோசமானது கசிவு. செல்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் ஆண்ட்ராய்டு வழக்கமாகப் பழைய திரையைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டும். பழையது குப்பைக்குப் போக வேண்டும். ஆனால் நிரலில் எங்கோ ஒரு நிலையான மாறி, பழைய திரையின் ஒரு சின்னப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொத்தான் தன் திரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. திரை தன் படங்களை எல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது. குப்பைக்காரர் வந்து பார்த்துவிட்டு "இன்னும் ஆள் குடியிருக்கிறார்கள் போல" என்று போய்விடுவார். வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியைத் திருப்பித் தராதவர் கதைதான். வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். புது வீட்டுக்கும் வாடகை, பழைய வீட்டுக்கும் வாடகை. இப்படி நாலு முறை திருப்பினால் நாலு வீடு!

எடுத்ததைப் பற்று எழுதி, கொடுத்ததை வரவு எழுதி, மாலையில் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சாதாரணப் பேரேட்டு ஒழுங்குதான் இதற்கும் மருந்து. திரையைத் திருப்பு, திருப்பு, திருப்பு. நினைவக அளவு பழைய இடத்துக்கு வருகிறதா பார். வரவில்லை என்றால் எங்கோ ஒரு சாவி பாக்கி.

யார் கணக்கில் பற்று?

"இப்போதெல்லாம் எல்லா போனிலும் ஜிபி கணக்கில் ரேம் இருக்கிறது, இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது அவர்கள் கையில் இருக்கும் செல்பேசிக்கு உண்மை.

2017இல் கூகுள் 1 ஜிபியும் அதற்குக் குறைவாகவும் ரேம் உள்ள செல்பேசிகளுக்கென்றே ஆண்ட்ராய்டு கோ என்ற தனிப் பதிப்பை வெளியிட்டது. அதே ஆண்டு இந்தியாவில் வந்த ஜியோபோனில் இருந்தது 512 மெகாபைட். அடுத்த ஆண்டு செப்டம்பரில் வாட்ஸப் அந்த ஜியோபோனுக்கே தனியாக எழுதப்பட்டு வந்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கணக்கியலின் முதல் பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் எங்கோ ஒரு வரவு உண்டு என்பது. படத்தை அளக்காமல் விரித்ததில் நிரலாளருக்கு அரை மணி நேரம் மிச்சம். அது அவருடைய வரவு. அதற்கான பற்று எந்தப் பேரேட்டில் விழுகிறது? "வேற போன் வாங்கிக்கோ" என்று கடைக்காரர் சொன்னாரே, அங்கே விழுகிறது. எட்டாயிரமோ பத்தாயிரமோ ஒரு குடும்பத்தின் செலவாக விழுகிறது. வாங்க முடியாத வீட்டில், அனுப்பப்படாத விண்ணப்பமாக விழுகிறது. அந்த உதவித்தொகை யாருக்காக ஏற்பட்டதோ அவர்கள் கையில்தான் இந்தக் குறைந்த ரேம் செல்பேசி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இன்னும் கசக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆறு பெரியதாக இருக்கிறதே என்பதற்காகச் சொன்னதில்லை அது. போடுகிறவன் கைக்குச் சொன்னது. நாலைந்து பாய்களைச் சின்னதாக விரிக்கச் சில வரிகள், முப்பது கட்டங்களைக் காப்பாற்றச் சில வரிகள். அவை எழுதப்பட்டிருந்தால் அந்த மாணவி படமெடுத்துத் திரும்பி வரும்போது விண்ணப்பம் விட்ட இடத்திலேயே காத்திருக்கும். அவள் அனுப்பு என்று அழுத்திவிட்டு, இதில் யாரோ ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார் என்பதே தெரியாமல் சாப்பிடப் போய்விடுவாள்.